சர்வர் ப்ராசசரா, டெஸ்க்டாப் ப்ராசசரா? கோர் எண்ணிக்கையைக் கடைசியாகப் பாருங்கள்

சர்வர் ப்ராசசரா, டெஸ்க்டாப் ப்ராசசரா என்று தேர்ந்தெடுக்கும்போது பலர் சறுக்குவது கோர் (ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) எண்ணிக்கையில்தான். 2019-இல் வந்த ஏஎம்டியின் சர்வர் சிப்பான எபிக் 7742-இல் 64 கோர். 2024-இல் வந்த அதன் டெஸ்க்டாப் சிப்பான ரைசன் 9 9950எக்ஸில் 16 கோர். பழைய சர்வர் பாகங்கள் விற்கும் இடத்தில் முதலாவது கொள்ளை லாபமாகத் தெரியும். ஆனால் எபிக்கின் அடிப்படை வேகம் 2.25 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 3.4. ரைசனுக்கு 4.3, உச்சம் 5.7. அதோடு எபிக்கின் ஜென் 2 வடிவமைப்புக்கும் ரைசனின் ஜென் 5-க்கும் நடுவே மூன்று தலைமுறை முன்னேற்றம் இருக்கிறது. இரண்டும் ஒரே கிகாஹெர்ட்ஸில் ஓடினாலும் புதிய கோர்தான் அதிக வேலை முடிக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். உங்கள் வேலையில் 10 சதவீதம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க முடியும், மீதி 90 சதவீதத்தை எத்தனை கோருக்கு வேண்டுமானாலும் பிரித்துக் கொடுக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆம்தால் விதிப்படி 16 கோர் அந்த வேலையை 6.4 மடங்கு வேகமாக்கும். 64 கோர் 8.8 மடங்குதான். கோர் நான்கு மடங்கு கூடியும் பலன் ஒன்றரை மடங்கைத் தொடவில்லை. இதைக் கடிகார வேகத்தால் பெருக்குங்கள்: 16 கோர் 5 கிகாஹெர்ட்ஸில் 32, 64 கோர் 3 கிகாஹெர்ட்ஸில் சுமார் 26. சின்ன ப்ராசசர் ஜெயிக்கிறது, அதுவும் தலைமுறை வித்தியாசத்தைச் சேர்க்காமலே. அதே வேலையில் வரிசைப் பகுதி 1 சதவீதம் மட்டும் என்றால் கதை தலைகீழ்: 70-க்கு எதிராக 118. ரெண்டரிங், வீடியோ என்கோடிங் பண்ணை, நூற்றுக்கணக்கான சின்ன விர்ச்சுவல் மெஷின்கள் எல்லாம் இந்த இரண்டாவது வகை. விளையாட்டு, கேட் (கணினி வழி வடிவமைப்பு), ஃபோட்டோ எடிட்டிங், பெரும்பாலான நிரலாக்க வேலை முதல் வகை.

உங்கள் வேலை எந்த வகை என்று ஊகிக்க வேண்டியதில்லை. இப்போது இருக்கும் கம்ப்யூட்டரிலேயே வழக்கமான வேலையை ஓட்டிவிட்டு, ஹெச்டாப் என்ற கண்காணிப்பு மென்பொருளில் ஒவ்வொரு கோரின் பட்டையையும் தனித்தனியாகக் கவனியுங்கள். சராசரி சதவீதத்தைப் பார்க்காதீர்கள், அது ஏமாற்றும். பெரிய சி++ திட்டம் ஒன்றைக் கம்பைல் செய்யும்போது முதல் சில நிமிடம் எல்லாப் பட்டையும் நிறைந்திருக்கும். கடைசியில் லிங்க் செய்யும் (துண்டுகளை ஒரே நிரலாக இணைக்கும்) கட்டம் வந்ததும் பெரும்பாலும் ஒன்று மட்டும் 100-இல் நிற்கும், மற்றவை காலியாகக் கிடக்கும். அந்தக் கட்டம் மொத்த நேரத்தில் எவ்வளவு என்று பார்த்தாலே மேலே சொன்ன கணக்கு உங்கள் கையில் வந்துவிடும்.

என் கருத்தில் சர்வர் ப்ராசசரை வாங்கச் சரியான காரணங்கள் மூன்று: ரேம் அளவு, மெமரி அலைவரிசை (ரேமிலிருந்து விநாடிக்கு எவ்வளவு படிக்க முடியும் என்பது), பிசிஐஇ லேன் (கார்டுகளும் டிரைவுகளும் ப்ராசசரோடு பேசும் பாதை). இந்த மூன்றில் ஒன்றாவது டெஸ்க்டாப்பில் முட்டி நிற்காதவரை சர்வர் பக்கம் போகத் தேவையில்லை. ‘24 மணி நேரமும் ஓட வேண்டும்’ என்பது காரணமே இல்லை. நல்ல பவர் சப்ளையும் சரியான குளிரூட்டலும் இருந்தால் டெஸ்க்டாப் சிப்பும் வருடக்கணக்கில் நிற்காமல் ஓடும்.

முதலில் ரேம். ஏஎம்5 (இன்றைய ரைசன் உட்காரும் சாக்கெட்) போர்டில் நான்கு ஸ்லாட் இருக்கிறதே என்று நான்கையும் நிரப்பத் திட்டமிடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரேமுக்கும் ப்ராசசருக்கும் நடுவே உள்ள பாதையான சேனல் இரண்டுதான். இரண்டு குச்சி போட்டால் 9000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் டிடிஆர்5-5600. நான்கு போட்டால் அதுவே 3600. அலைவரிசை விநாடிக்கு 89.6 ஜிபியிலிருந்து 57.6 ஜிபிக்கு இறங்குகிறது. அதிக வேகத்தில் ஓட்டிவிடலாம் என்று பயாஸில் எக்ஸ்போவை (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்தால் சில போர்டுகளில் ஓடும், சிலவற்றில் வாரத்துக்கு ஒருமுறை காரணம் தெரியாமல் மெஷின் தொங்கும். அதனால் இரண்டு குச்சியோடு நிற்பதுதான் நிம்மதியான எல்லை, 48 ஜிபி குச்சி என்றால் மொத்தம் 96 ஜிபி. அதே குச்சி நான்காக 192 ஜிபி போடலாம், வேகத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தால். முதல்முறை ஆன் செய்யும்போது மெமரி ட்ரெயினிங்குக்கு (போர்டு ரேமைச் சோதித்துத் தன்னைச் சரிசெய்துகொள்வது) பல நிமிடம் திரை கருப்பாகவே இருக்கும். போர்டு செத்துவிட்டது என்று நினைத்து நடுவில் அணைக்காமல் பொறுத்திருங்கள்.

பெரிய சர்வர் போர்டுகள் ஆர்டிம் வகை ரேம் கேட்கும். டெஸ்க்டாப்பின் யூடிம்மை அதில் போட முடியாது. டிடிஆர்4-இல் இரண்டும் ஒரே ஸ்லாட்டில் உட்காரும், ஆனால் பூட் ஆகாது. டிடிஆர்5-இல் வெட்டே வேறு இடத்தில் இருப்பதால் உட்காரவே உட்காராது, அழுத்தாதீர்கள்.

அடுத்தது அலைவரிசை. எபிக் 7002 வரிசையில் எட்டு சேனல் டிடிஆர்4-3200, விநாடிக்கு 204.8 ஜிபி. 9004 வரிசையில் பன்னிரண்டு சேனல் டிடிஆர்5-4800, 460.8 ஜிபி. இந்த வித்தியாசம் எங்கே கண்ணுக்குத் தெரியும் என்றால், பெரிய மொழி மாதிரியை ஜிபியு இல்லாமல் ஓட்டும்போது. அடர்த்தியான மாதிரி (எல்லா எடைகளையும் எப்போதும் பயன்படுத்துவது) ஒவ்வொரு டோக்கனுக்கும், அதாவது சொல் துண்டுக்கும், தன் எடைகள் முழுவதையும் ஒருமுறை ரேமிலிருந்து படித்தாக வேண்டும். 40 ஜிபி மாதிரி என்றால் இரட்டைச் சேனல் 5600-இல் விநாடிக்கு 2 டோக்கனுக்குச் சற்று மேல், பழைய எபிக்கில் 5, புதியதில் 11. இவை காகிதக் கணக்கின் உச்சம். நடைமுறையில் இதற்குக் கீழேதான் வரும். கோர் எவ்வளவு இருந்தாலும் இந்தச் சுவரைத் தாண்ட முடியாது.

ஆனால் சேனல் இருப்பது வேறு, அதை நிரப்புவது வேறு. எட்டு சேனல் போர்டில் 64 ஜிபி குச்சி இரண்டைச் செருகினால் கிடைப்பது நான்கில் ஒரு பங்கு அலைவரிசைதான். அதே 128 ஜிபியை 16 ஜிபி குச்சி எட்டாக வாங்குங்கள். மாடலையும் பார்க்க வேண்டும். எபிக் 7282-க்கு எட்டு சேனல் என்றுதான் எழுதியிருக்கும். உள்ளே சிப்லெட் (கோர்கள் இருக்கும் சின்னச் சில்லு) குறைவு என்பதால் ஏஎம்டியே அதற்கு 85.3 ஜிபி என்றுதான் குறிப்பிடுகிறது. 7252, 7272, 7232பி ஆகியவையும் அப்படியே. மலிவாகக் கிடைக்கும் எபிக்குகளில் இவை அடிக்கடி தட்டுப்படும்.

மூன்றாவது லேன். ஏஎம்5 ப்ராசசரில் 28 லேன். சிப்செட்டுக்கு (போர்டில் உள்ள துணைச் சிப்) நான்கு போக 24. கிராபிக்ஸ் கார்டு 16, என்விஎம்இ டிரைவ் இரண்டு 8, கணக்கு முடிந்தது. எக்ஸ்870 போர்டுகள் பலவற்றில் யுஎஸ்பி4 அந்த 24-க்குள்ளேயே கை வைக்கும். போர்டில் இன்னும் ஸ்லாட்டுகள் தெரிகின்றனவே என்றால், அவை சிப்செட் வழியாக வருபவை. எல்லாம் சேர்ந்து நான்கு லேன் பிசிஐஇ 4.0 இணைப்பில், அதாவது விநாடிக்குச் சுமார் 8 ஜிபியில் நெருக்கியடித்துப் போக வேண்டும். ஒரு நல்ல என்விஎம்இ டிரைவே அதை நிரப்பிவிடும். இரண்டு ஜிபியு, ஒரு ஹெச்பிஏ (பல டிஸ்குகளை இணைக்கும் கார்டு), ஒரு 25 கிகாபிட் நெட்வொர்க் கார்டு என்று திட்டம் இருந்தால் 128 லேன் தரும் எபிக் அவசியம்தான். விர்ச்சுவல் மெஷினுக்குக் கார்டை அப்படியே கொடுக்க நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும். டெஸ்க்டாப்பில் சிப்செட்டுக்குப் பின்னால் உள்ள சாதனங்கள் பெரும்பாலும் ஒரே ஐஓஎம்எம்யு (சாதனங்களை மெஷின்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வசதி) குழுவில் ஒட்டிக்கொண்டிருக்கும், தனியாகப் பிரிக்க வராது.

இசிசிக்காக (ரேமில் கெடும் பிட்டைக் கண்டுபிடித்துத் திருத்தும் வசதி) மட்டும் சர்வர் வாங்க வேண்டியதில்லை. ரைசன் சிப்புகளில் பெரும்பாலானவை இசிசி யூடிம்மை ஏற்கும், போர்டும் ஏற்க வேண்டும். இன்டெல் பக்கம் 12 முதல் 14-ஆம் தலைமுறை சிப்புகளுக்கு டபிள்யூ680 சிப்செட் போர்டு வேண்டும், இசட் வரிசை போர்டுகளில் கிடையாது. டிடிஆர்5-இல் எல்லாக் குச்சியிலும் உள்ள ஆன்-டை இசிசியை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது சிப்புக்குள் நடக்கும் திருத்தம், வழியில் கெடும் பிட்டை அது பார்க்காது. உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க, லினக்ஸ் கர்னல் பதிவில் மெமரிப் பிழைகளைக் கண்காணிக்கும் ஈடிஏசி ட்ரைவர் ஏறியிருக்கிறதா என்று தேடுங்கள். பயாஸில் ‘இயக்கத்தில்’ என்று காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம். அதிகாரபூர்வ ஆதரவும் மெஷினைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் பிஎம்சி சிப் உள்ள போர்டும் வேண்டுமென்றால் 2024-இல் வந்த எபிக் 4004-ஐப் பாருங்கள். பெயர்தான் எபிக், உட்காருவது ஏஎம்5-இல், உள்ளே இருப்பது ரைசனின் அதே கோர்கள். சின்ன அலுவலகச் சர்வருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பேன்.

பழைய சர்வர் சிப் வாங்கித்தான் தீருவேன் என்பவர்கள் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்த நிறுவனத்தின் சர்வரிலிருந்து கழற்றியது என்று. சில நிறுவனங்களின் போர்டில் ஒருமுறை பூட் ஆன எபிக், பாதுகாப்பு ஃபியூஸ் எரிக்கப்பட்டு அந்த நிறுவனத்தின் போர்டுக்கே நிரந்தரமாகப் பூட்டப்பட்டுவிடும். வேறு போர்டில் திரையே வராது. திறக்க வழி இல்லை. அடுத்து, சாக்கெட் ஒரே வகை என்பதால் சிப் ஓடும் என்று நினைக்காதீர்கள். எஸ்பி3 (பழைய எபிக்குகளின் சாக்கெட்) போர்டுகளில் பழைய வெளியீடு 7001 வரிசையோடு நின்றுவிடுவது உண்டு. போர்டின் ரிவிஷன் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பிறகு காற்று. சர்வர் போர்டும் கார்டுகளும், முன்னிருந்து பின்னாகப் பலமான காற்று ஓடும் பெட்டிக்காகச் செய்யப்பட்டவை. ஹெச்பிஏ கார்டுகளுக்கு நிமிடத்துக்கு 200 அடி வேகக் காற்று வேண்டும் என்று குறிப்பேட்டிலேயே இருக்கும். சாதாரண டவர் பெட்டியில் அந்தச் சின்ன ஹீட்சிங்க் தொட முடியாத அளவுக்குச் சுட்டு, சுமை ஏறியதும் டிஸ்குகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். பழி டிஸ்க் மேலும் கேபிள் மேலும் விழும். ஹீட்சிங்குக்கு நேராக ஒரு 40 அல்லது 80 மிமீ ஃபேனைக் கட்டினால் தீர்ந்தது.

சத்தத்துக்குப் பயந்து மெதுவாகச் சுழலும் ஃபேன்களை மாட்டினால் இன்னொரு சிக்கல் வரும். ஃபேன் 400 ஆர்பிஎம்மில் ஓட, பிஎம்சியின் கீழ் எல்லை 500 என்று இருந்தால், ஃபேன் பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டி அது எல்லா ஃபேனையும் முழு வேகத்துக்கு ஏற்றும். வேகம் ஏறியதும் எல்லாம் சரி என்று இறக்கும். மறுபடி ஏற்றும். சில விநாடிக்கு ஒருமுறை அலை அலையாக இரைச்சல் கேட்டால் காரணம் இதுதான். பிஎம்சியோடு பேசும் ஐபிஎம்ஐடூல் என்ற மென்பொருளைக் கொண்டு அந்தக் கீழ் எல்லைகளை 100, 200, 300 என்று இறக்கி வையுங்கள்.

மின்சாரத்தை வாங்கும் முன்பே கணக்கிடுங்கள். பெரிய ஐஓ டையும் (மெமரியையும் லேன்களையும் கையாளும் சில்லு) எட்டு குச்சியும் பிஎம்சியும் சேர்ந்து, சும்மா இருக்கும்போதே எபிக் மெஷின் டெஸ்க்டாப்பைவிடக் கணிசமாகக் கூடுதலாக இழுக்கும். வித்தியாசம் 70 வாட் என்று வைத்தாலும் வருடத்துக்கு 613 யூனிட். வீட்டில் பெரும்பாலும் சும்மா இருக்கும் மெஷினுக்கு இது வீண்.

கோருக்கு இவ்வளவு என்று உரிமக் கட்டணம் வாங்கும் மென்பொருள் ஓட்டுபவர்களுக்குக் கோர் குறைவாகவும் வேகமாகவும் இருப்பதே லாபம். எபிக் 9174எஃப் போன்ற 16 கோர், 4.4 கிகாஹெர்ட்ஸ் உச்ச வேக மாடல்கள் அவர்களுக்காகவே இருக்கின்றன. லேனும் வேண்டும், வேகமும் வேண்டும் என்பவர்களுக்கு நடுவில் ஏஎம்டியின் த்ரெட்ரிப்பர் இருக்கிறது. 7960எக்ஸில் 24 கோர், 5.3 கிகாஹெர்ட்ஸ் உச்சம், நான்கு சேனல், 48 லேன் பிசிஐஇ 5.0. ஆனால் 350 வாட், அதற்கேற்ற கூலர், ஆர்டிம் மட்டும்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்பை எடுப்பவர்கள் ஆபரேட்டிங் சிஸ்டம் போடும் முன்பே பயாஸை அப்டேட் செய்யுங்கள். அதிக வோல்டேஜால் சிப் நிரந்தரமாகப் பலவீனமாகும் கோளாறைத் தடுக்கும் மைக்ரோகோட் (சிப்பின் உள் மென்பொருள்) 2024 ஆகஸ்டிலிருந்துதான் வரத் தொடங்கியது. ஏற்கனவே பாதிக்கப்பட்ட சிப்பை அது சரிசெய்யாது. எனவே இந்தத் தலைமுறைகளில் பயன்படுத்திய சிப்பை வாரன்டி இல்லாமல் வாங்காதீர்கள்.