சித்தியின் பிஸ்கட் டப்பா

குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். சித்தி இருப்பது கேரளப் பக்கம் வண்டிப்பெரியாரில், தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில். போன ஆடி மழையில் கொழுந்து எடுக்கப் போனவர் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார்.

ஜீப்பில் ஏற்றியதுமே பேச்சுவார்த்தை ஆரம்பித்துவிட்டது. கிழக்கே கம்பத்துக்கு இறங்குவதா, மேற்கே கோட்டயம் போவதா? கம்பத்தில் சித்தியின் மகள் இருக்கிறாள். “எங்ககிட்ட முதலமைச்சர் காப்பீட்டுக் கார்டு இருக்குண்ணே, அதுல அத்தையைக் காட்டிக்கலாம்” என்று மருமகன் போனில் சொன்னார். அதெப்படிக் காட்டுவது? அது தமிழ்நாட்டு ரேஷன் கார்டை வைத்துக் கொடுப்பது. சித்தியிடம் இருப்பது கேரளத்துப் பிங்க் ரேஷன் கார்டு, ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுப்பது.

மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடு 2018 செப்டம்பரில் வந்தது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம். திட்டம் ஒன்றுதான், ஆனால் பல மாநிலங்கள் அதைத் தங்கள் பழைய திட்டத்தோடு கோர்த்துக்கொண்டன. தமிழ்நாடு 2012 முதல் நடத்தும் முதலமைச்சர் காப்பீட்டோடு இணைத்தது. கேரளத்தில் 2019 ஏப்ரலில் அதுவே ‘காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா பத்ததி’ ஆனது. மறு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியை விலக்கிவிட்டு, மாநில சுகாதார ஏஜென்சியே ஆஸ்பத்திரிகளுக்கு நேரடியாகப் பணம் கொடுக்க ஆரம்பித்தது.

யாரைச் சேர்ப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 2011 சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பின்படி மத்தியப் பட்டியலில் வரும் குடும்பங்களுக்கு மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. அதற்கு வெளியே, முன்பு 30 ரூபாய் கட்டிப் பழைய மருத்துவக் காப்பீட்டு ஸ்மார்ட் கார்டு வாங்கியிருந்தவர்கள் இங்கே ஏராளம். அவர்களையும் கேரளம் உள்ளே எடுத்துக்கொண்டது, முழுச் செலவும் தன் கையிலிருந்து. நல்ல காரியம்தான். ஆனால் 2018-19-ல் அந்தக் கார்டைப் புதுப்பித்திருக்க வேண்டும். சித்தி எதையும் தூக்கிப்போடாதவர். பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு 2019-ல் முகாமுக்குப் போய்ப் புதுக் கார்டு வாங்கிவிட்டார். பக்கத்து வீட்டு அண்ணன் அந்த வருடம் புதுப்பிக்க மறந்துபோனார். அவரிடமும் பிங்க் கார்டுதான், ஆனால் காருண்யாவில் இடமில்லை.

மத்தியப் பட்டியலில் இருந்தால் தேனிப் பக்கமும் கார்டு செல்லும், மாநிலப் பட்டியல் என்றால் கேரளத்துக்குள் மட்டும்தான் என்று அரசு ஆன்லைன் வேலைகள் பார்க்கும் அக்ஷயா சென்டர் பையன் முன்பே சொல்லியிருந்தான். சித்தி எந்தப் பட்டியல்? கொட்டுகிற மழையில் யாரைப் போய்க் கேட்பது? ஜீப் மேற்கே குட்டிக்கானம் இறக்கத்தைப் பிடித்தது.

ஆஸ்பத்திரியில் கார்டு கவுண்டரில் விரல் வைக்கச் சொன்னார்கள். முப்பது வருடம் கொழுந்து கிள்ளிய விரல். கறை ஏறிக் கறுத்து, நுனியில் ரேகையே தேய்ந்துபோயிருந்தது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், இடது கை எதற்கும் மெஷின் மசியவில்லை. கவுண்டர் பெண் ஈரத் துணியால் துடைத்துவிட்டு, “அம்மச்சி, ஒன்னு கூடி” என்று மலையாளத்தில் இன்னொரு தடவை வைக்கச் சொன்னாள். ஸ்ட்ரெச்சரில் வலியோடு படுத்திருந்த சித்தி, “இந்த விரலை வச்சுத்தான கம்பெனிக்காரன் கிலோ கணக்குப் பாத்தான், இதுக்கு மட்டும் தெரியலையா?” என்று கேட்டார். கடைசியில் கண்ணைப் படம் பிடிக்கும் கருவி வந்தது. அதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது.

ஆபரேஷனுக்கும் உள்ளே வைத்த பிளேட்டுக்கும் பைசா கேட்கவில்லை. டிஸ்சார்ஜ் ஆன பிறகும் 15 நாள் மருந்து பேக்கேஜில் சேர்த்தி என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. பத்து நாள் கைக்காசில் வாங்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. ரசீதுகளைப் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன், பிரயோஜனம் இல்லை.

போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். வாக்கர் பிடித்து அடுப்படி வரை நடக்கிறார். பக்கத்து வீட்டு அண்ணனும் வந்திருந்தார். வருட வருமானம் 3 லட்சத்துக்குள் என்றால், திட்டத்தில் இடமில்லாதவர்களுக்கென்று தனியாக இருக்கும் காருண்யா நிதியில் கேட்கலாமாம், வில்லேஜ் ஆபீஸில் வருமான சர்ட்டிபிகேட் வாங்க எப்போது வருகிறாய் என்று என்னைக் கேட்டார். நான் தேதி யோசிப்பதற்குள் சித்தி டப்பாவைத் திறந்து, புதுக் கார்டைப் பழைய ஸ்மார்ட் கார்டின் மேல் வைத்து மூடினார்.

“பழசு எதுக்கு சித்தி இன்னும்?”

“அடுத்த தடவ பேர மாத்துவாங்கல்ல. அப்ப இதையும் கேப்பாங்க.”