கராஹோனாய் மேகக்காடு: பிள்ளைகளோடு இறங்க ஒரு பாதை

ஸ்பெயினின் கேனரி தீவுகளில் ஒன்றான லா கோமேராவின் கராஹோனாய் காட்டில் பாதையெங்கும் பலகை இருக்கிறதே, வழிகாட்டி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வழிக்காக அல்ல, வண்டிக்காக. குடும்பமாக நடக்க இங்கே மிகத் தோதானது மலைமேல் இருக்கும் கொன்டதேரோவிலிருந்து எல் செத்ரோ ஊருக்கு இறங்கும் பாதை. ஏறக்குறைய 1,350 மீட்டர் உயரத்தில் தொடங்கும், 5 கிலோமீட்டருக்குச் சற்று முன்பின், பெரும்பாலும் இறக்கம். சொந்தக் காரை மேலே நிறுத்திவிட்டு இறங்கினால், களைத்துப்போன பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அத்தனையும் திரும்ப ஏற வேண்டும். அதனால் பதிவு செய்யும்போது முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: மேலே இறக்கிவிட்டுக் கீழே வந்து ஏற்றிக்கொள்வீர்களா? இல்லை என்றால் வேறு குழுவைப் பாருங்கள்.

பக்கத்துத் தீவான டெனரீஃபின் லாஸ் கிறிஸ்டியானோஸ் துறையிலிருந்து லா கோமேராவின் துறைமுகமான சான் செபாஸ்டியனுக்குக் கப்பல் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். அங்கிருந்து மலைப்பாதை. கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்துச் சொச்சம் மீட்டரை வளைந்து வளைந்து ஏறும்போது, கப்பலில் தாக்குப்பிடித்த பிள்ளைகூட இங்கே வாந்தி எடுக்கும். காலை உணவைப் பாதியோடு நிறுத்துங்கள். மீதியை மேலே போய்ச் சாப்பிடலாம்.

கீழே கடற்கரையில் வெயில் கொளுத்தும், அரைக்கால் சட்டையோடு வண்டி ஏறத் தோன்றும். ஏமாறாதீர்கள். வடகிழக்கிலிருந்து வரும் வணிகக் காற்று கடல் ஈரத்தைச் சுமந்துகொண்டு மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து மேகமாகிறது. மேலே இருக்கும் வெப்பக் காற்றடுக்கு மூடி போட்டதுபோல் அதை அமுக்கிவைக்கிறது. அந்த மேகத்துக்குள்தான் நடக்கப் போகிறீர்கள். மரத்தடியில் நின்றால் சொட்டுச் சொட்டாக மழை. இரண்டடி தள்ளித் திறந்தவெளிக்கு வந்தால் தரை காய்ந்திருக்கும். வானம் பெய்யவில்லை. மூடுபனித் திவலைகளை இலைகள் பிடித்துத் திரட்டிக் கீழே விடுகின்றன.

அதனால் குடை உதவாது. தலைமூடியோடு கூடிய மெல்லிய மழைச்சட்டை, உள்ளே ஃபிளீஸ் என்கிற கதகதப்பான மேல்சட்டை, அதற்குள் சீக்கிரம் உலரும் பனியன் இருந்தால் போதும். ஜீன்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒருமுறை நனைந்தால் நடை முடியும்வரை காலோடு ஒட்டிக்கொண்டு குளிரும். ஆளுக்கு ஒரு ஜோடி காலுறை கூடுதலாக எடுத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி வண்டியிலேயே வையுங்கள். தண்ணீர் பெரியவருக்கு ஒரு லிட்டர், சிறுவருக்கு அரை லிட்டர். குளிரில் தாகம் தெரியாது, அரை மணிக்கொருமுறை நீங்களாகக் குடிக்கச் சொல்ல வேண்டும்.

மேலே முதலில் வருவது ‘பிரேசோ’ என்கிற எரிக்கா மரம். ஊசிபோன்ற இலை, கிளையெல்லாம் பாசி தொங்கும். இறங்க இறங்க அது பின்தங்கி, அகன்ற பளபளப்பான இலையுள்ள லாரல் வகை மரங்கள் உயரும். ஓடையை நெருங்கும்போது ‘தில்’, ‘வின்யாத்திகோ’. பிள்ளைகளை ஒரு தில் மரத்தடியில் நிறுத்திக் காட்டுங்கள்: பழைய தண்டைச் சுற்றி வட்டமாகப் பல தண்டுகள். தாய்மரம் சாயுமுன்பே அடியிலிருந்து துளிர்கள் கிளம்பி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக் கடலோரம் பரவியிருந்த காட்டின் மிச்சம் இது. 1981-இல் தேசியப் பூங்கா, 1986-இல் யுனெஸ்கோ உலக மரபிடம். 2012 ஆகஸ்ட் தீயில் பூங்காவின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எரிந்தது.

பாம்பு பயம் வேண்டாம். இந்தத் தீவுக்கூட்டத்தில் இயல்பாகப் பாம்பே கிடையாது. பயப்பட வேண்டியது வேருக்குத்தான். இறக்கம் என்றதும் பிள்ளைகள் ஓடும். பாதைக்குக் குறுக்கே கிடக்கும் ஈர வேரில் கால் வைத்தால் சறுக்கி உட்கார வேண்டியதுதான். வேரின்மேல் மிதிக்காமல், இரண்டு வேருக்கு நடுவே மண்ணில் பாதத்தைப் பதிக்கப் பழக்குங்கள். படிகளின் விளிம்பில் பதித்த கட்டைக்கும் இதே கதை, அதில் பாசி வேறு. வழிகாட்டி முன்னே, வீட்டுப் பெரியவர் ஒருவர் கடைசியில், நடுவில் பிள்ளைகள். தள்ளுவண்டி நகராது, கைக்குழந்தையை முதுகில் சுமக்கும் பை தேவை.

பெரியவர்கள் வேகத்தில் இரண்டு மணி நேரம் என்றால் பிள்ளைகளுக்கு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் இதை விட்டுவிட்டு லா லகூனா கிராந்தேயின் சிறிய சுற்றுப்பாதைக்குப் போகலாம். பெயரில்தான் ஏரி, இருப்பது ஒரு திறந்த வெளி, விளையாட இடம், சாப்பாட்டு மேசைகள். அங்கே கையருகே வரும் குருவிகளுக்குத் தின்பண்டம் போடக் கூடாது.

மூடுபனி தினமும் கிடைக்கும் என்று எந்த வழிகாட்டியும் உறுதி சொல்ல முடியாது. சகாராப் புழுதியோடு வெப்பக்காற்று வரும் நாளில் காடு பளிச்சென்றிருக்கும். தீ அபாயம் அதிகமென்றால் பாதையை மூடியும் விடுவார்கள். அப்போது பணம் திரும்ப வருமா என்பதையும் முன்பே கேட்டுவையுங்கள். கோடையில் மேகம் தாழ்ந்து நிற்கும், கொன்டதேரோவில் வெயில் அடித்தாலும் பாதி வழியில் வெண்மைக்குள் நுழைந்துவிடலாம்.

பாதை எல் செத்ரோ ஓடையோடு சேரும். ஆண்டு முழுக்க ஓடும் நீர் இந்தத் தீவுகளில் அபூர்வம். பக்கத்தில் லூர்து மாதாவின் வெள்ளைச் சிற்றாலயம். அங்கே உட்கார்ந்து சாப்பிடலாம். சிலர் உற்சாகத்தில் அருவிவரை போகலாமே என்பார்கள். ஊரைத் தாண்டி ஹெர்மிகுவா பக்கம் இறங்கும் அந்தப் பாதை செங்குத்து, பிள்ளைகளோடு வேண்டாம். அதற்குப் பதில் எல் செத்ரோவில் கிடைக்கும் வாட்டர்கிரஸ் கீரைச் சூப்பை கோஃபியோ என்கிற வறுத்த தானிய மாவு தூவிக் குடியுங்கள். வண்டி மறுபடி வளையத் தொடங்கும் முன் அந்த உலர்ந்த காலுறையை எடுத்து மாட்டிவிடுங்கள்.