இரண்டாவதாகப் பேட்டன் வாங்கியவர்

நம் பள்ளிப் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவினர் இந்த ஆண்டு நம் காலத்து விளையாட்டு விழாக்களைப் பற்றி எழுதித் தருமாறு கேட்டிருந்தார்கள். எழுத உட்கார்ந்தபோது, நம்மில் எவருடைய ஓட்டத்தையும்விட, நம் பள்ளியில் படிக்காத, நமக்கு ஒரு தலைமுறை பின்னால் பிறந்த ரேவதி வீரமணியின் ஓட்டமே எனக்கு முன்னால் வந்து நின்றது. மதுரைக்குக் கிழக்கே சக்கிமங்கலத்தைச் சேர்ந்த அவர், 2021 ஜூலை 30 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் (இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் பேட்டன் என்ற கோலைக் கைமாற்றி ஆளுக்கு ஒரு சுற்று ஓடுவது) இந்தியாவுக்காக ஓடியவர். உங்களில் பலருக்கு அது தெரிந்திருக்கும். அதைவிட நன்றாக, அவர் வெறுங்காலுடன் ஓடி வளர்ந்தவர் என்பது தெரிந்திருக்கும். அந்த ஒரு செய்தியையே எல்லாரும் மாற்றி மாற்றி எழுதியதில், அவர் எந்தத் தூரத்தை விட்டு எந்தத் தூரத்துக்கு வந்தார், அங்கே எப்படி இடம் பிடித்தார் என்பதெல்லாம் பின்னுக்குப் போய்விட்டன. ஒரு காலத்தில் நானூறு மீட்டர் ஓடிப் பார்த்தவள் என்ற உரிமையில் அதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

நம் நாட்களை முதலில் நினைவூட்டிவிடுகிறேன். 1984 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 நொடியில் ஓடி, நொடியின் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தபோது, நம் உடற்கல்வி டீச்சர் செய்தித்தாளில் வந்த படத்தை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டியதும், அந்த வாரம் முழுவதும் மாலையில் மைதானத்துக்கு வந்த பெண்களின் கூட்டம் இரு மடங்கானதும் நம் வகுப்பினர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சுண்ணாம்புக் கோடு போட்ட மண் தடம். எட்டு கோடுகளில் மூன்று நேராக இருந்தால் அது நல்ல நாள். மண்டலப் போட்டிக்கு ரேஸ் கோர்ஸ் மைதானத்துக்குப் போகும்போது மட்டும் நமக்குக் கொஞ்சம் பெருமிதம். ஆனால் அந்தக் கூட்டம் நிலைக்கவில்லை. நம் வகுப்பிலேயே மிக வேகமாக ஓடியவர், பத்தாம் வகுப்பு முடிந்த கோடையோடு ஓடுவதை நிறுத்திக்கொண்டார், வீட்டில் யாரும் திட்டவில்லை, தடுக்கவில்லை, "இனி எதற்கு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள், அவ்வளவுதான். டீச்சர் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

ரேவதியின் கதையில் என்னை நிறுத்தி வைக்கும் இடம் அதுவே. அவர் சிறுமியாக இருந்தபோதே தந்தையும், சில மாதங்களில் தாயும் இறந்துவிட, தாய்வழிப் பாட்டி வயல் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போய் அவரையும் தங்கையையும் வளர்த்தார். பேத்திகளை வேலைக்கு அனுப்பச் சொன்ன சுற்றத்தாரின் பேச்சைக் கேளாமல் அவர்களை அரசு விடுதியில் தங்கவைத்துப் படிக்கவைத்தார். ரேவதி பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு பள்ளிப் போட்டியில் அவர் ஓடுவதைப் பார்த்த தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் கண்ணன், பயிற்சிக்கு வரச் சொன்னபோது பாட்டி முதலில் இசையவில்லை. கண்ணன் விடாமல் பேசிப் பாட்டியைச் சம்மதிக்கவைத்து, லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க வழி செய்தார். நம் டீச்சர் வெறுங்கையுடன் திரும்பிய அதே வாசலில் கண்ணன் உள்ளே அழைக்கப்பட்டதற்கு, அவர் கையில் கல்லூரி இடம், விடுதிச் சோறு என்ற இரண்டு திடமான பொருள்கள் இருந்ததும் காரணம் என்று நான் நினைக்கிறேன். இதைச் சொல்வதால் அவருடைய உழைப்பின் மதிப்பு குறையாது.

வெறுங்காலைப் பற்றியும் ஓடுகிறவர்களின் பார்வையில் ஒரு சொல். மண் தடத்தில் வெறுங்கால் பெரிய குறையே அன்று. நாமும் அப்படித்தான் ஓடினோம். செயற்கை ஓடுதளத்தில், அதுவும் மதுரை வெயிலில், கதை வேறு: முன்பாதம் தேய்ந்து எரியும். ரேவதி 2016இல் தேசிய இளையோர் போட்டியில்கூட வெறுங்காலுடன்தான் ஓடினார். அதன் பிறகே கண்ணன் அவருக்கு ஸ்பைக்ஸ், அதாவது அடியில் முள் வைத்த ஓட்டக் காலணி, கிடைக்கச் செய்தார். ஸ்பைக்ஸ் மாட்டிக்கொண்டதும் வேகம் தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்குத் தெரியாது, அது தரையைக் கவ்விப் பிடிப்பதால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் புதிய சுமையைத் தாங்கப் பழக வேண்டும் என்று. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு விதமாக ஓடிய காலை இருபது வயதை நெருங்கும்போது வேறு விதமாக ஓடப் பழக்குவது சிறிய காரியம் அன்று.

அதைவிடப் பெரிய மாற்றம் 2019இல் வந்தது. அதுவரை அவர் நூறும் இருநூறும் ஓடியவர். பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் முகாமுக்குத் தேர்வானபோது, அங்கே பயிற்சியாளராக இருந்த கலினா புகாரினா அவரை நானூறு மீட்டருக்கு மாறச் சொன்னார். கண்ணனும் அதை ஆமோதித்தார். புகாரினாவும் குறுந்தூரக்காரர்தான், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் சோவியத் அணிக்காக 4×100 மீட்டரில் வெண்கலம் வென்றவர். இருநூறு மீட்டர்க்காரருக்கு நானூறு எவ்வளவு கொடியது என்பதை ஓடிப் பார்த்தவர்களே அறிவார்கள். தசையில் இருக்கும் உடனடிச் சக்தி சில நொடிகளிலேயே தீர்ந்துவிடும். மூச்சுக்காற்று ஈடுகட்ட முடியாத வேகத்தில் ஓடுவதால், கடைசி எண்பது நூறு மீட்டரில் தொடைகள் சாந்து பூசியவை போல இறுகிவிடும். வேகமாக ஓடத் தெரிந்தவருக்கு அங்கே ஒரு சோதனை உண்டு: முதல் இருநூறில் தன் இயல்பான வேகத்தை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பது. குறைவாக விட்டுக்கொடுத்தால் கடைசியில் தளர்வு, அதிகமாக விட்டுக்கொடுத்தால் வேகம் இருந்தும் வீண். அந்த ஆண்டே இந்தியன் கிராண்ட்பிரீ போட்டிகளில் நானூறு மீட்டரை முதலில் 54.44 நொடியிலும் பிறகு 53.63 நொடியிலும் ஓடி வென்றார் என்பது, அந்தக் கணக்கு அவருக்கு எவ்வளவு விரைவில் பிடிபட்டது என்பதைக் காட்டுகிறது.

டோக்கியோவுக்கான இடம் அவருடைய ஓட்டத்தால் உண்டானது அன்று என்பதையும் சொல்ல வேண்டும். 2019இல் தோஹாவில் நடந்த உலகப் போட்டியில் முகமது அனஸ், விஸ்மயா, ஜிஸ்னா மேத்யூ, நோவா நிர்மல் டாம் ஆகியோர் கலப்புத் தொடர் ஓட்டத்தின் இறுதிச் சுற்றுக்குச் சென்று 3 நிமிடம் 15.77 நொடியில் ஏழாவதாக வந்ததால் இந்தியாவுக்கு அந்த இடம் கிடைத்தது. யார் ஓடுவது என்பது மட்டும் திறந்திருந்தது. ரேவதி காயத்தால் 2021 பருவத்தின் தொடக்கத்தை இழந்தவர். ஜூன் மாத மாநிலங்களுக்கு இடையிலான போட்டியில் கர்நாடகத்தின் பிரியா மோகனுக்கு அடுத்து 53.71 நொடியில் இரண்டாவதாக வந்தார். ஜூலை 4 அன்று பாட்டியாலாவில் நடந்த தேர்வு ஓட்டத்தில் 53.55 நொடியில் முதலில் முடித்து இடத்தைப் பிடித்தார். ஒரே ஓட்டம், பிழைக்க இடமில்லாத ஓட்டம். என் கணக்கில் அவருடைய வாழ்க்கையிலேயே சிறந்த ஓட்டம் அதுதான். ஒலிம்பிக் ஓட்டம் அதற்கு அடுத்தது.

அந்த ஒலிம்பிக் ஓட்டத்தை டொரண்டோவில் காலை வேளையில், காப்பி ஆறும்வரை திரையை விட்டு அகலாமல் பார்த்தேன். பார்வையாளர்கள் இல்லாத அரங்கம். முதல் சுற்று அனஸ், இரண்டாவது ரேவதி, மூன்றாவது திருச்சியின் சுபா வெங்கடேசன், கடைசியில் ஆரோக்ய ராஜீவ். நால்வரில் மூவர் தமிழ்நாட்டவர். இந்தத் தொடர் ஓட்டத்தில் இரண்டாவதாக ஓடுவது தனி வித்தை. முதல் வளைவுவரை தன் லேனிலேயே ஓட வேண்டும். அதன் பிறகு எல்லாரும் உள் பக்கம் சரிவார்கள். முதலில் அந்த இடத்துக்கு வருபவர் ஓரத்தைப் பிடிப்பார், பின்தங்கியவர் வெளியே சுற்றி ஓட வேண்டும் அல்லது அடங்கிப் பின்னால் ஓட வேண்டும். முதல் ஆண்டுகளில் நூறும் இருநூறும் ஓடிய கால்களுக்கு அந்த வளைவில் பயன் உண்டு என்பதால்தான் அவர் அந்த இடத்தில் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இது என் ஊகம்தான்.

அணி 3 நிமிடம் 19.93 நொடியில் தன் தகுதிச் சுற்றில் எட்டாவதாக, அதாவது கடைசியாக வந்தது. போலந்து தங்கம் வென்ற நேரம் 3 நிமிடம் 9.87 நொடி. நம் அணியின் நேரம், தோஹாவில் நம்மவர்கள் ஓடியதைவிடவும் நான்கு நொடிக்கு மேல் அதிகம். இதை மூடி மறைத்துப் பாராட்டுரை வாசிப்பது ஓடியவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஒரு கொள்ளை நோய்க் காலத்தில், காயத்திலிருந்து மீண்டு, தனக்குப் புதிய ஒரு தூரத்தில் மூன்றாவது ஆண்டே ஒலிம்பிக் தடத்தில் நின்றார் என்பது அந்த எட்டாம் இடத்தோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டிய உண்மை. உஷாவைப் போலவே அவருக்கும் தெற்கு ரயில்வே வேலை கொடுத்தது. மதுரைக் கோட்டத்தில்தான் பணி.

நம் சங்கம் ஆண்டுதோறும் பள்ளி விளையாட்டு விழாவுக்கு ஒரு வெள்ளிக் கேடயம் அனுப்புகிறது. பரணில் அடுக்க இடமில்லை என்று இப்போதைய உடற்கல்வி ஆசிரியை தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தப் பணத்தில் மண்டலப் போட்டிக்குத் தேர்வாகும் பெண்களுக்கு அளவுக்கேற்ற ஸ்பைக்ஸும், பயிற்சி நாட்களில் விடுதியில் முட்டையும் பாலும், வெளியூர்ப் போட்டிக்குக் கூட வரும் தாய்க்கோ பாட்டிக்கோ பேருந்துச் செலவும் கொடுக்கலாம் என்பது என் கருத்து. வரும் பொதுக்குழுவில் இதை முன்மொழியப் போகிறேன். வழிமொழிய ஒருவர் முன்கூட்டியே கை தூக்கினால் நன்றாக இருக்கும்.