385 என்று எழுதுவதற்கு முன்

சந்தை ஆய்வுப் பாடத்தை நடத்தத் தொடங்கிய முதல் ஆண்டில், மாணவர்களின் திட்ட அறிக்கைகளைத் திருத்தும்போது ஒன்று கண்ணில் பட்டது. ஆய்வுப் பொருள் எதுவாக இருந்தாலும் மாதிரி அளவு, அதாவது எத்தனை பேரிடம் கேட்பது என்ற எண்ணிக்கை, மட்டும் 384 அல்லது 385 ஆகவே இருந்தது. ஒரு மாணவரை அழைத்து, இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "கால்குலேட்டரில் அதுதான் சார் வந்தது" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். 95% நம்பிக்கை மட்டம் (இதே முறையில் நூறு முறை மாதிரி எடுத்தால் ஏறத்தாழ 95 முறை உண்மை விகிதம் பிழை வரம்புக்குள் அடங்கும் என்பது), 5% பிழை வரம்பு (விடை மேலும் கீழும் மாறக்கூடிய அளவு), பாதிப் பேர் 'ஆம்' என்பார்கள் என்ற 0.5 விகிதம் ஆகிய மூன்றையும் யார் உள்ளிட்டாலும், 95%-க்கு உரிய எண்ணான 1.96-இன் வர்க்கத்தை 0.25-ஆல் (0.5 × 0.5) பெருக்கி 0.05-இன் வர்க்கத்தால் வகுத்து, 384.16 என்றுதான் விடை வரும்; அதை முழு எண்ணாக்கினால் 384, மேல்நோக்கி முழுமையாக்கினால் 385. 1970-இல் ஆய்வாளர்கள் கிரெஜ்சியும் மார்கனும் வெளியிட்ட மாதிரி அளவு அட்டவணையும் பெரிய தொகுதிகளுக்கு 384-இல்தான் போய் நிற்கிறது. கணக்கில் குறையில்லை, அந்த மூன்றையும் தேர்ந்தெடுத்தது யார் என்பதற்குத்தான் வகுப்பில் ஒருவரிடமும் பதில் இல்லை.

அதன் பிறகு சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுவதைத் தள்ளிப்போட்டு, ஒரு பையில் 1,000 மணிகளைப் போட்டு வகுப்புக்கு எடுத்துச் செல்லத் தொடங்கினேன். அவற்றில் 400 சிவப்பு என்பது எனக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு குழுவும் பையை நன்றாகக் குலுக்கி, 25 மணிகளை எடுத்து, சிவப்பை எண்ணிப் பலகையில் எழுதிவிட்டு, மணிகளைத் திரும்பப் போட வேண்டும். ஒரு முறை ஒரு குழுவுக்கு 6, மற்றொரு குழுவுக்கு 14 என்று வந்தது. அதாவது 24 விழுக்காடும் 56 விழுக்காடும். "அவங்க தப்பா எண்ணிட்டாங்க சார்" என்று உடனே குரல் எழுந்தது. மீண்டும் எண்ணச் சொன்னேன். யாரும் தவறாக எண்ணியிருக்கவில்லை. 100 மணிகளாக எடுத்தபோது எல்லாக் குழுக்களின் விடைகளும் 33-க்கும் 47-க்கும் இடையில் நெருங்கி வந்தன. 'பிழை வரம்பு' என்ற சொல்லில் உள்ள 'பிழை' யாரோ செய்த தவறு அன்று, வேறு மணிகள் கையில் வந்திருந்தால் விடை எவ்வளவு மாறியிருக்கும் என்பதன் அளவு என்பதை, எந்த வரையறையையும்விட அந்தப் பலகை தெளிவாகக் காட்டியது.

அடுத்து, மாணவர்கள் எளிதில் ஏற்க மறுக்கும் செய்திக்கு வருவேன். முழுமைத் தொகுதி, அதாவது யாரைப் பற்றி அறிய விரும்புகிறோமோ அந்த மொத்தப் பேர், பெரிதானால் மாதிரியும் அதே விகிதத்தில் பெரிதாக வேண்டும் என்றே ஏறத்தாழ எல்லோரும் நினைக்கிறார்கள். "மொத்தத்தில் 10 விழுக்காடு எடுத்தால் போதாதா" என்பது ஆண்டுதோறும் வரும் கேள்வி. அதே 5% பிழை வரம்புக்கு, 500 பேர் கொண்ட தொகுதியில் 218 பேரும், 10,000 பேர் கொண்ட தொகுதியில் 370 பேரும், 10 லட்சம் பேர் கொண்ட தொகுதியில் 385 பேரும் தேவை. பானை எவ்வளவு பெரிதானாலும் ஒரு சோறுதான் பதம் என்ற பழமொழி இதைத்தான் சொல்கிறது என்று ஒரு மாணவி சொன்னார். பாதி சரி. ஒரே பானையில் வெந்த சோறு ஏறத்தாழ ஒன்றுபோல் இருப்பதால் ஒரு பருக்கை போதுமானதாகிறது. மனிதர்களின் விருப்பம் அப்படி ஒன்றுபோல் வேகுவதில்லை. எண்ணிக்கையை முடிவுசெய்வது பானையின் அளவைவிட, உள்ளே இருப்பவை ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதே. விகிதம் தெரியாதபோது 0.5 என்று வைத்துக்கொள்வதும் இதனால்தான். வேறுபாடு மிக அதிகமாக இருக்கும் நிலை அது.

நான் அதிக நேரம் செலவிடுவது உட்பிரிவுகளில். ஒரு செயலிக்குச் சந்தா கட்ட எத்தனை பேர் முன்வருவார்கள் என்று 385 பேரிடம் கேட்ட ஒரு குழு, மொத்த விடையை ஒரே வரியில் சொல்லிவிட்டு, மீதி அறிக்கை முழுவதையும் நான்கு வயதுப் பிரிவுகளை ஒப்பிடுவதற்கே ஒதுக்கியிருந்தது. பிரிவுக்குச் சுமார் 96 பேர் என்றால், ஒவ்வொரு பிரிவின் பிழை வரம்பும் ஏறத்தாழ 10 விழுக்காடு. ஒரு பிரிவில் 40, மற்றொன்றில் 50 என்று வந்தால், அந்த வித்தியாசம் மணிப்பை காட்டிய ஆட்டமாகவே இருக்கக்கூடும். அப்படிப்பட்ட 10 புள்ளி வித்தியாசம் உண்மையிலேயே இருக்கும்போது அதை 80 விழுக்காடு வாய்ப்புடன் கண்டுபிடிக்க, ஒவ்வொரு பிரிவிலும் ஏறத்தாழ 390 பேர் வேண்டும். அவர்கள் மொத்தத்துக்கு வைத்திருந்த எண் ஒரு பிரிவுக்கே சரியாகிவிடும் என்று காட்டியபோது வகுப்பு சற்று நேரம் அமைதியானது. ஆகவே, கடைசியில் எந்த அட்டவணையை அச்சிடப் போகிறீர்கள் என்பதை முதலில் வரையச் சொல்கிறேன். அந்த அட்டவணையின் மிகச் சிறிய கட்டத்தில் எத்தனை பேர் விழுவார்கள் என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

துல்லியம் மலிவானதன்று என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன்: பிழை வரம்பை 5-இலிருந்து 2.5 ஆகப் பாதியாக்க, 385 என்பது ஏறத்தாழ நான்கு மடங்காகி 1,537 ஆகிறது. சிலரிடம் நீண்ட நேரம் பேசி அறியும் ஆழ்நேர்காணல்களுக்கு இந்தச் சூத்திரமே பொருந்தாது. அது வேறு வகுப்பு.

எனக்கு உண்மையான மனக்குறை ஒன்று உண்டு. கூகுள் படிவத்தின் இணைப்பை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்ந்து, 385 பதில்கள் சேர்ந்ததும் நிறுத்திவிட்டு, "பிழை வரம்பு 5%" என்று எழுதுகிறார்கள். அந்தச் சூத்திரம் சமவாய்ப்பில், அதாவது தொகுதியில் உள்ள எவருக்கும் ஒரே வாய்ப்பு இருக்கும்படி, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு உரியது. குலுக்காத பையின் மேற்பரப்பிலிருந்து அள்ளிய மணிகளுக்கு அன்று. அவ்வாறு 4,000 பேரைச் சேர்த்தாலும் விடை ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது அப்படியே இருக்கும், நம் தன்னம்பிக்கை மட்டும்தான் கூடும். 1,925 பேரைச் சமவாய்ப்பில் தேர்ந்து அழைத்து, ஐந்தில் ஒருவர் பதிலளித்து 385 கிடைத்தாலும், பதிலளிக்காத 1,540 பேர் எப்படிப்பட்டவர்கள் என்ற கேள்வி மிஞ்சவே செய்கிறது.

சென்ற பருவத்தில் ஒரு குழு 240 பதில்களோடு வந்தது. மாதிரி அளவு என்ற தலைப்பின் கீழ், இப்பதில்கள் விரும்பி முன்வந்தவர்களிடமிருந்து கிடைத்தவை என்றும், அதனால் பிழை வரம்பு தரவில்லை என்றும், வயதுவாரியாகப் பிரித்து எதையும் சொல்லவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். மதிப்பெண் குறையுமா சார் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். அந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண் போட்டேன்.