கெண்டைக்கால் கணக்கு

ஜூலை 9

அப்பாவின் ஆபரேஷன் தேதியைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். நான்கு வாரம். கூடினால் ஐந்து.

ஜூலை 10

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. மருத்துவர் கணினியைத் திருப்பிக் காட்டிய படம் கண்ணைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. கட்டிக்காக எடுத்த அதே சி.டி. ஸ்கேன்தான். இடுப்புப் பக்க முதுகெலும்பில் மூன்றாவது எலும்பு இருக்கும் மட்டத்தில், அப்பாவைக் குறுக்கே வெட்டி வைத்தது போல ஒரு வட்டம். சாம்பல் நிறம் தசை, கறுப்பு கொழுப்பு என்றார். முதுகை ஒட்டிய தசையில் சாம்பலுக்கு நடுவே கறுப்பு கோடு கோடாக ஓடியது. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "கடைக்காரன் இந்தக் கறியப் போட்டான்னா வேண்டாம்னு திருப்பிக் குடுத்துருவனுங்க" என்றார். மருத்துவர் சிரித்தார். என்னால் முடியவில்லை.

கட்டியை எடுப்பது பெரிய காரியமில்லையாம். எடுத்தபின் இவரை எழுப்பி உட்காரவைத்து, இருமவைத்து, நடக்கவைக்க வேண்டுமே, அதற்கு உடம்பில் சரக்கு வேண்டும் என்றார். சரக்கு என்றே சொன்னார். நான் கணக்கு எழுதுகிற மஞ்சள் மண்டிக்கு வந்து போகிறவரோ என்னவோ.

எடை 66. போன வருஷமும் 66. அதற்கு முந்தின வருஷமும் 66. "எடை இம்மி கொறையலீங்க" என்று ஒவ்வொரு டாக்டரிடமும் பெருமையாகச் சொன்னது நான்தான்.

ஜூலை 11

டயட்டீஷியன் அம்மணி அரை மணி நேரம் ஒதுக்கினார். கையில் ஒரு பிடியைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். 21 கிலோ. ஆண்களுக்கு 28 இருக்க வேண்டுமாம். அப்புறம் கைப்பிடி இல்லாத நாற்காலி. கைகளை மார்போடு கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்கார வேண்டும். 12 வினாடிக்குள் முடித்தால் தேவலை. அப்பாவுக்கு 19 ஆயிற்று. நான்காவது தடவை கை தானாகவே தொடையில் ஊன்றப் போனது. பார்க்காத மாதிரி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

கெண்டைக்கால் சுற்றளவு 31 செ.மீ. ஆண்களுக்கு 34-க்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும்.

தசை இப்படிக் கரைவதற்கு ஒரு பெயரும் இருக்கிறது. சார்கோபீனியா. 1980-களின் கடைசியில்தான் பெயர் வைத்தார்களாம். அதற்கு முன்னால் "வயசாச்சு" என்பதுதான் பெயர்.

ஜூலை 12

தையல் டேப்பை எடுத்து என் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன். எதற்கென்று தெரியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

அத்தை வந்தார். கச்சாயம் கொண்டுவந்தார். தன் அண்ணனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒடம்பு கலையாமத்தான இருக்குது, எதுக்கு இந்த டாக்டருங்க பயமுறுத்தறாங்க" என்றார். தள்ளிப் போனதும் நல்லதுக்குத்தானாம், ஆடியில் கத்தி வைக்கக் கூடாதாம், ஆவணி பிறக்கட்டுமாம். நான் பதில் சொல்லவில்லை. அப்பா சட்டை போட்டிருந்தார், வேட்டி கட்டியிருந்தார். வேட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது அத்தைக்கு எப்படித் தெரியும்?

குளிக்கவைக்கும்போது பார்க்கிறவள் நான். வயிறு அப்படியே இருக்கிறது, கொஞ்சம் கூடியும் இருக்கலாம். தொடைதான் போய்விட்டது. காலிங்கராயன் வாய்க்கால் ஓரத்தில் விடியக்காலை மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீர் கட்டப் போவார். வரப்பைத் தாண்டும்போது கெண்டைக்கால் கல் மாதிரி உருண்டு எழும். சின்ன வயதில் அதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்பேன், கைக்கு அடங்காது. இன்று சோப்புப் போடுகிற சாக்கில் இரண்டு கட்டைவிரலையும் இரண்டு ஆள்காட்டிவிரலையும் சேர்த்து வளையம் போட்டுப் பார்த்தேன். அடங்கியது. இடமும் மிச்சம். ஜப்பானில் இதையே ஒரு சோதனையாக வைத்திருக்கிறார்கள்: அவரவர் விரல் வளையத்துக்குள் அவரவர் கெண்டைக்கால் தளர்ந்து நின்றால் எச்சரிக்கை. என் விரலுக்கே இப்படி. அவர் விரல் என்னுடையதைவிட நீளம்.

"என்ன கண்ணு அளக்கற?" என்றார். சோப்பு வழுக்குகிறது என்றேன்.

ஜூலை 15

80 கிராம் புரதம். எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியாயிற்று. கிலோவுக்கு 1.2 கிராம் என்று கணக்கு. இத்தனை நாள் என்ன சாப்பிட்டார் என்று கூட்டிப் பார்த்தேன்: காலையில் இட்லி மூன்று, மத்தியானம் ரசம் சாதம், இரவில் இரண்டு தோசை, நடுவில் காபி. எப்படி இழுத்துப் பிடித்தாலும் 40-ஐத் தாண்டவில்லை. வயிறு நிறைந்தது, அவ்வளவுதான். வயிறு நிறையப் போட்டதையே பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முட்டை ஒன்றுக்கு 6. ஒரு டம்ளர் பாலுக்கு 6 சொச்சம். கொள்ளு 100 கிராமுக்கு 22, ஆனால் நூறு கிராம் கொள்ளை யார் தின்பது? கொள்ளுப் பருப்பைக் கடைந்து வைத்தால் "சூடு கண்ணு" என்கிறார். பாதிக் கிண்ணம்தான் இறங்கியது.

ஜூலை 16

கொள்ளு என்றதும் அந்தப் பழமொழி மண்டையைவிட்டுப் போகவில்லை. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. சரி. இளைத்தவனும் கொழுத்தவனும் ஒரே ஆள் என்றால்? ஒரே வேட்டிக்குள் இரண்டு பேரும் இருந்தால் எதைப் போடுவது? எள்ளில் பாதி எண்ணெய். இளைத்தவனைத் தேற்ற அது சரிதான். ஆனால் அப்பாவிடம் கொழுப்புக்குப் பஞ்சமில்லை, தசைக்குத்தான் பஞ்சம். பழமொழி சொன்னவர் ஆளைப் பார்த்தார், ஆளுக்குள் ஸ்கேன் எடுக்கவில்லை. தவறு அவர் மேலும் இல்லை.

மணி இரண்டு. தூங்க வேண்டும்.

ஜூலை 18

தம்பி பெங்களூரிலிருந்து. முதல் கேள்வி: "அக்கா, வெயிட் எவ்வளவு?"

ஜூலை 20, ஞாயிறு

அப்பாவோடு போன அன்றைக்கு நானும் உடம்பின் கொழுப்பை அளக்கிற மெஷினில் ஏறினேன் என்பதை இங்கே எழுதவில்லை. எழுதப் பிடிக்கவில்லை. வெறுங்காலோடு தகட்டில் நின்று, கைப்பிடியைப் பிடித்தால் தெரியாத அளவுக்கு ஒரு மின்சாரத்தை உடம்புக்குள் விடுகிறது. தசையில் தண்ணீர் அதிகம், மின்சாரம் லேசாகப் போகும். கொழுப்பு தடுக்கும். அந்தத் தடையை வைத்துக் கணக்குப் போடுகிறது. நேராகப் பார்ப்பதில்லை, ஊகிக்கிறது. தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் ஒன்று, குடிக்காமல் ஏறினால் ஒன்று. இப்படியெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டாலும் சீட்டில் வந்தது 38 சதவீதம் கொழுப்பு.

54 கிலோ, 156 செ.மீ. உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கிற பி.எம்.ஐ. 22.2. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் "நீ மட்டும் எப்படி அப்படியே இருக்கற?" என்று ஊரே கேட்கிறது. இடுப்புச் சுற்று 86. நம் ஊர்ப் பெண்களுக்கு 80-ஐத் தாண்டக் கூடாது. மூன்று மாதச் சர்க்கரை 6.1, எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறேன்.

பி.எம்.ஐ. என்ற கணக்கைக் கண்டுபிடித்தவர் மருத்துவரே இல்லை. கெத்தலே என்ற பெல்ஜியம் நாட்டுக்காரர், வானியலும் புள்ளியியலும் படித்தவர். 1830-களில் சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று தேடினவர். 1972-இல் ஆன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரை வைத்தார். கூட்டத்தை அளக்க வந்த கோல் அது. அதைக் கொண்டுவந்து என்னை நிறுத்தி அளந்து, நார்மல் என்று இத்தனை வருஷம் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். நானும் மடித்து வைத்துக்கொண்டேன்.

ஜூலை 21

புனேயில் யாஜ்னிக் என்ற மருத்துவர். லண்டனில் யட்கின் என்ற மருத்துவர். 2004-இல் லான்செட் இதழில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த படம் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. வெள்ளைக்காரருக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2.

எனக்கும் அவர்களுக்கும் புள்ளி ஒன்றுதான் வித்தியாசம். இதில் என்ன இருக்கிறது என்று தெரிகிறது. ஆனாலும் நாள் முழுக்க 22.3, 22.2 என்று ரசீதுப் புத்தகத்தின் ஓரத்தில் கிறுக்கிக்கொண்டிருந்தேன். முதலாளி பார்த்துவிட்டு, "இது எந்த லாட்டோட கணக்குங்கம்மா?" என்றார்.

ஜூலை 23

எதிர்வீட்டுப் பையன் தினமும் சாயங்காலம் வந்துவிடுகிறான். ஜிம் போகிறவன். அவன் பி.எம்.ஐ. 27, கணக்குப்படி அவன் குண்டு! வயிறு பலகை மாதிரி இருக்கிறது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கவைக்கிறான், நாற்காலியில் இருந்து எழுப்புகிறான். "ஏனுங்கப்பாரு, இன்னும் ரெண்டே ரெண்டுங்க" என்கிறான். நான் சொன்னால் முறைக்கிற மனுஷன் அவன் சொன்னால் எழுந்துகொள்கிறார்.

தினமும் வ.உ.சி. பூங்காவில் நடந்தாரே, அது பத்தாதா என்று கேட்டேன். "நடை இருதயத்துக்குங்க்கா. தசைக்குப் பாரம் வேணும்" என்றான். குத்தகைக்கு விட்ட நாளிலிருந்து அப்பா ஒரு குடம்கூடத் தூக்கியதில்லை. தூக்க விட்டதில்லை நாங்கள்.

ஜூலை 26

67.4! ஒரு கிலோ நானூறு கூடியிருக்கிறது. கெண்டைக்கால் 32. தம்பிக்கு உடனே போன். அத்தைக்குப் போன். இரவு அரிசிம்பருப்பு வைத்து நெய் ஊற்றிச் சாப்பிட்டோம். முதல் தடவையாக இரண்டாவது முட்டையை அவரே கேட்டார்.

ஜூலை 28

குளிக்கவைக்கும்போது கணுக்காலில் என் கட்டைவிரல் பட்டது. குழி விழுந்தது. எடுத்தபின்னும் குழி அப்படியே நின்றது.

நீர்.

ஜூலை 29

பதினெட்டு வருஷமாக மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். பச்சை மஞ்சள் நூறு கிலோ வேகவைத்துக் காயப்போட்டால் இருபது, இருபத்தைந்து தேறும். மீதி தண்ணீர். தராசுக்கு அது தெரியாது. அதனால்தான் வியாபாரி தராசை மட்டும் நம்புவதில்லை. சாம்பிளில் இருந்து ஒரு விரலியை எடுத்து ஒடிப்பார். காய்ந்த விரலி 'டணக்'கென்று ஒடியும், ஈரம் இருந்தால் வளையும். காதால்தான் விலை சொல்வார்கள் பெரியவர்கள். இத்தனையும் தெரிந்தவள்தான் அப்பாவை மூட்டை மாதிரி நிறுத்துவிட்டு நெய் ஊற்றிக் கொண்டாடினேன்.

டேப்பும் பொய் சொல்லியிருக்கிறது. வீங்கின காலில் கெண்டைக்கால் சுற்றளவு எடுக்கவே கூடாதாம். அந்த மெஷினும் இந்த நீரைத் தசைக் கணக்கில்தான் சேர்க்கும். பிரஷர் மாத்திரையால் வந்திருக்கும் என்று மருத்துவர் வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஒடித்துப் பார்க்க மிச்சம் இருப்பது அந்த நாற்காலி ஒன்றுதான்.

ஜூலை 30

17.

ஜூலை 31

இன்றைக்கு முடியாது என்றுவிட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "என்ன எடை போட்டு விக்கவா போற?" என்றார். வெளியே வந்து வாசல்படியில் உட்கார்ந்து அழுதேன். பையன் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடி 18. பவானி கூடுதுறைக்குப் போகிற கூட்டம் காலையிலிருந்து தெருவை நிறைத்துக்கொண்டு போகிறது. அம்மா இருந்தவரை ஒரு வருஷம் விட்டதில்லை. அப்பா வாசலில் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தார். தெரிந்தவர்கள் வந்தபோதெல்லாம் எழுந்து கும்பிட்டார். நான் உள்ளே இருந்து எண்ணினேன். பதினொரு தடவை. ஒரு தடவைகூடத் தொடையில் கை ஊன்றவில்லை. அவருக்குத் தெரியாது, சொல்லவும் மாட்டேன்.

ஆகஸ்ட் 5

அப்பா தூங்கியபின் அதே நாற்காலியில் நானும் செய்து பார்த்தேன். 11 வினாடி. பார்டரில் பாஸ். மூச்சு வாங்கியது, வலது முழங்கால் சத்தம் போட்டது. எனக்கு இன்னும் ஐம்பதே ஆகவில்லை.

சாப்பிட்ட சர்க்கரை ரத்தத்திலிருந்து போய் இறங்குகிற பெரிய குடோன் தசைதானாம். குடோன் சின்னதானால் லோடு ரோட்டில் நிற்கும். 6.1 என்றால் எத்தனை லாரி?

நாளையிலிருந்து பையன் எனக்கும் சேர்த்து எண்ணட்டும்.

ஆகஸ்ட் 6

மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 8

14.5 வினாடி. பிடி 22 கிலோ, ஒன்றுதான் கூடியிருக்கிறது. எடை 65.2. கால் வீக்கம் முழுக்க வடிந்துவிட்டது. தம்பி பதறுகிறான்: "என்னக்கா, குறைஞ்சிருச்சே?" எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது என்று புரியவில்லை. வந்து அவர் நாற்காலியில் இருந்து எழுவதைப் பார் என்றேன். லீவு கிடைக்குமா என்று பார்க்கிறானாம்.

மருத்துவர் 12-ஆம் தேதி என்று சொல்லிவிட்டார். ஆவணி பிறக்க இன்னும் அஞ்சு நாள் இருக்குதே என்று அத்தை.

ஆகஸ்ட் 11

சேர்த்தாயிற்று. ஃபாரத்தில் பெயர், வயது, எடை. எடைக்குப் பக்கத்தில் ஒரு கட்டம்தான் இருந்தது. 65 என்று எழுதினேன். நர்ஸ் கட்டிலில் ஏற்ற வீல்சேரோடு வந்தார். அப்பா, "நானே வாறனுங்க" என்று

ஆகஸ்ட் 12

6.40. உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். செருப்பை என் கையில் கொடுத்தார்.