குப்பைக்குழி வழக்கும் குடியரசுத் தலைவர் பதவியும்

ஸ்லோவாக்கியாவில் தொழிற்சாலை அனுமதிகளோடு தினமும் மல்லுக்கட்டுபவர்களுக்கு சி-416/10 என்ற வழக்கு எண் மனப்பாடம். லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 2013 ஜனவரி 15 அன்று தீர்ப்புச் சொன்ன வழக்கு. பிராட்டிஸ்லாவாவுக்கு வெளியே வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் சுற்றுச்சூழல் பிரிவில் நான் சேர்ந்தபோது, படிக்கச் சொல்லிக் கொடுத்த காகிதக் கட்டில் அந்தத் தீர்ப்பும் இருந்தது. குப்பைக் கிடங்கு ஒன்றை எதிர்த்து நின்ற ஊர் மக்களுக்காக அந்த வழக்கைத் தூக்கிச் சுமந்த வழக்கறிஞர் ஸுசானா சாப்புத்தோவா. 2019இல் அவர் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானார். முதல் பெண் குடியரசுத் தலைவர், அதுவும் 45 வயதில்.

அவரைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் 2019இலிருந்துதான் தொடங்குகிறார்கள். எனக்கு அவர் அறிமுகமானது இந்தக் கட்டின் வழியாக. அதனால் அவருடைய அரசியலை அவருடைய பழைய வேலையிலிருந்து பிரித்துப் பார்க்க எனக்கு வரவில்லை.

வழக்கைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். பெஸினோக் என்பது தலைநகரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில், சிறு கார்பாத்திய மலையடிவாரத்தில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சிற்றூர். சாப்புத்தோவா பிறந்தது பிராட்டிஸ்லாவாவில் என்றாலும் வளர்ந்தது இங்கேதான். 1960களிலிருந்தே ஊரை ஒட்டி ஒரு பழைய குப்பைக் கிடங்கு, முறையான அனுமதி இல்லாமல், மண்ணுக்குள் எதுவும் இறங்காமல் தடுக்கும் அடித்தளமும் இல்லாமல் வளர்ந்துகொண்டே போனது. அது போதாதென்று செங்கல் சூளைக்கு மண்ணெடுத்த ஒரு பெரிய குழியில் புதிய கிடங்கு ஒன்றைக் கொண்டுவரத் திட்டம் போட்டார்கள். ஊர் வேண்டாம் என்றது. ஆயிரக்கணக்கானவர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள், தெருவில் இறங்கினார்கள். ‘குப்பைக் கிடங்குக்கு ஊருக்குள் இடமில்லை’ என்பதுதான் அவர்களுடைய முழக்கம். அப்படியும் 2008இல் சுற்றுச்சூழல் ஆய்வுத் துறை ஒருங்கிணைந்த அனுமதியை வழங்கிவிட்டது.

இங்கேதான் எங்கள் தொழிலுக்கு நெருக்கமான விஷயம் வருகிறது. ஒருங்கிணைந்த அனுமதி என்பது காற்று, நீர், மண், கழிவு என்று தனித்தனியாக வாங்க வேண்டியதை ஒரே நடைமுறையில் வாங்குவது. விண்ணப்பம் போட்டவுடன் ஆவணங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், அவர்கள் கருத்துச் சொல்ல அவகாசம் தர வேண்டும். பெஸினோக்கில் மக்களுக்குக் காட்டிய கட்டில் ஒரே ஒரு ஆவணம் இல்லை: அந்தக் குழியில் கிடங்கு கட்டலாம் என்று இடத்தை அனுமதித்த முடிவு. அது நிறுவனத்தின் வணிக ரகசியம் என்று காரணம் சொன்னார்கள். எங்கே கட்டப்போகிறார்கள், எந்த அடிப்படையில் அந்த இடத்தை ஒப்புக்கொண்டார்கள் என்பதே ரகசியம் என்றால் மக்கள் எதைப் பற்றிக் கருத்துச் சொல்வது?

2009இல் உச்ச நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. ஜெயித்தாகிவிட்டது என்று ஊர் மூச்சுவிட்டது. 2010இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே ரத்து செய்தது, நிறுவனத்தின் உரிமைகள் மீறப்பட்டதாகச் சொல்லி. மறுபடி முதலிலிருந்து. உச்ச நீதிமன்றம் ஐரோப்பியச் சட்டம் பற்றிய கேள்விகளை எழுதி லக்சம்பர்க்குக்கு அனுப்பியது. அங்கிருந்து வந்த பதில் தெளிவாக இருந்தது: இடம் பற்றிய முடிவை வணிக ரகசியம் என்று சொல்லி மக்களிடமிருந்து மறைக்க முடியாது, வழக்கு நடக்கும்போதே அனுமதியை நிறுத்திவைக்கக் கேட்கவும் மக்களுக்கு வழி இருக்க வேண்டும். அதே 2013இல் உச்ச நீதிமன்றம் அனுமதியை முடிவாக ரத்து செய்தது.

நான் தொழிற்சாலைப் பக்கம் உட்கார்ந்து வேலை பார்ப்பவள். இந்தத் தீர்ப்பு எங்கள் வேலையைக் கூட்டியது என்று முணுமுணுக்கும் சக ஊழியர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. எங்கள் ஆலையின் வண்ணப்பூச்சுப் பிரிவை விரிவாக்க விண்ணப்பித்தபோது பக்கத்துக் கிராமத்துக் கலாச்சார மன்றத்தில் ஒரு கூட்டம் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், மேடையில் மடித்துவைத்த கிராமிய நடன உடைகள், பின்னால் கொதிக்கும் காபி. முன்வரிசையில் ஒரு பெரியவர் எங்கள் விண்ணப்பத்தை முழுவதுமாக அச்செடுத்து, பக்கங்களுக்கு நடுவே காகிதத் துண்டுகளைச் செருகிக்கொண்டு வந்திருந்தார். காற்று எந்தத் திசையில் அடிக்கும் என்று நாங்கள் எந்த நிலையத்தின் அளவை வைத்துச் சொன்னோம் என்று கேட்டார். சரியான கேள்வி. அந்த நிலையம் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஆலோசகரிடம் கணக்கைத் திரும்பப் போடச் சொன்னோம், புகைபோக்கியின் உயரம் மாறியது. அந்தப் பெரியவர் கையில் அந்தக் கட்டு இருந்ததற்கு, பெஸினோக்கில் ஒரு வழக்கறிஞர் வருடக்கணக்கில் விடாமல் நின்றதும் ஒரு காரணம்.

எங்கள் பிரிவின் மூத்த பொறியாளர் பெஸினோக்காரர். சாப்புத்தோவாவைப் பற்றி நான் கேட்டபோதெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான்: “அவங்க மேடையில் கத்திப் பேசி யாரும் பார்த்ததில்லை. எல்லாரும் கோபமா இருக்கும்போது அவங்க சட்டப் பிரிவை எடுத்து வாசிப்பாங்க.” கொமேனியஸ் பல்கலைக்கழகத்தில் 1996இல் சட்டம் முடித்தவர். சொந்த ஊர் நகராட்சியின் சட்டப் பிரிவில் வேலை பார்த்திருக்கிறார், அதனால் அலுவலக மேசையின் அந்தப் பக்கமும் அவருக்குத் தெரியும். பிறகு வியா யூரிஸ் என்ற பொதுநலச் சட்ட அமைப்பில் 2017 வரை நீண்ட காலம். குப்பைக் கிடங்குப் போராட்டத்துக்காக 2016இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. இரண்டு பெண் குழந்தைகளின் தாய். இந்தப் பட்டியலில் அரசியலுக்கான தயாரிப்பு என்று எதையும் தனியாகச் சுட்டிக்காட்ட முடியாது. எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

2018 பிப்ரவரியில் யான் குட்சியாக் என்ற இளம் பத்திரிகையாளரும் அவர் மணக்கவிருந்த மார்ட்டினா குஷ்நீரோவாவும் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குட்சியாக் வரி மோசடிகளையும் அரசியல்வாதிகளுக்கும் வணிகர்களுக்கும் இருந்த தொடர்புகளையும் எழுதிக்கொண்டிருந்தவர். நாடு முழுக்கச் சதுக்கங்கள் நிரம்பின. மார்ச்சில் பிரதமர் ராபர்ட் ஃபிட்சோ பதவி விலகினார். சாப்புத்தோவா அப்போது ‘முற்போக்கு ஸ்லோவாக்கியா’ என்ற புதுக் கட்சியின் துணைத் தலைவர். நாடாளுமன்றத்தில் ஒரு இடம்கூட இல்லாத கட்சி. அவர் போட்டியிட்ட 2019 குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு முன், கருத்துக் கணிப்புகளில் அவர் மேலே வந்ததும், இன்னொரு வேட்பாளரான விஞ்ஞானி ராபர்ட் மிஸ்ட்ரிக் அவருக்காக விலகிக்கொண்டார். இதை அதிகம் பேர் பேசுவதில்லை, பேச வேண்டும்; பதவிக்கு மிக அருகில் வந்த ஒருவர் இப்படி ஒதுங்குவது எங்கேயும் அபூர்வம்.

2019 மார்ச் 30 அன்று இரண்டாம் சுற்றில் அவருக்கு 58.4 சதவீதம். எதிரே நின்றவர் ஐரோப்பிய ஆணையத்தின் துணைத் தலைவர் மாரோஷ் ஷெஃப்சோவிச். கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில், ஒருபால் இணையர்களின் உரிமையை ஆதரிப்பதாக வெளிப்படையாகச் சொல்லிவிட்டு இந்த வாக்கை வாங்கினார். வெற்றி அறிவித்த இரவில் ஸ்லோவாக் மொழியோடு ஹங்கேரிய, ரோமா மொழிகளிலும் நன்றி சொன்னார். நகராட்சியில் வேலை பார்த்தவருக்கு மனு கொடுக்க வருபவர்கள் யார் யார் என்று தெரிந்திருக்கும்தானே.

ஸ்லோவாக்கியாவில் குடியரசுத் தலைவரின் அதிகாரம் குறைவு. அவர் திருப்பி அனுப்பும் சட்டத்தை நாடாளுமன்றத்தின் 150 உறுப்பினர்களில் 76 பேர் மறுபடி நிறைவேற்றினால் முடிந்தது. கையில் மிஞ்சுவது நியமனம், அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போகும் உரிமை, பிறகு பேச்சு. இந்த மூன்றையும் அவர் ஒரு வழக்கறிஞரின் சிக்கனத்தோடு கையாண்டார். 2023 மே மாதம் அரசு கவிழ்ந்து நின்றபோது பொருளாதார நிபுணர் லுடோவித் ஓடோர் தலைமையில் கட்சி சாராத நிபுணர்களின் அமைச்சரவையை நியமித்தார். அந்த அக்டோபரில் ஃபிட்சோ மறுபடி பிரதமரானபோது, சுற்றுச்சூழல் அமைச்சர் பதவிக்கு முன்மொழியப்பட்ட ருடால்ஃப் ஹூலியாக்கை நியமிக்க மறுத்தார். பருவநிலை மாற்றம் பற்றிய அறிவியலையே ஏற்காதவர், அந்த அமைச்சகத்தின் வேலையை எப்படிச் செய்வார் என்பதுதான் அவர் எழுப்பிய ஆட்சேபம். அன்று எங்கள் பிரிவில் யாரும் வேறு எதையும் பேசவில்லை. எங்கள் அனுமதிகளின் உச்சியில் இருப்பது அந்த அமைச்சகம். கட்சி அரசியல் பேசாத ஆய்வக ஊழியர்கள்கூட அன்று பேசினார்கள். கூட்டணி வேறொருவரைப் பரிந்துரைத்தது, அவரை நியமித்தார். வந்தவரின் கொள்கைகளும் எங்களில் பலருக்கு உவப்பானவையாக இல்லை. ஆனால் ஒரு பதவிக்கு இன்ன தகுதி வேண்டும் என்று ஒருவர் எழுத்தில் சொல்லிவைத்தார்.

2024 பிப்ரவரியில் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, ஊழல் வழக்குகளைக் கவனித்த சிறப்பு வழக்குத் தொடுப்பு அலுவலகத்தை மூடும் மசோதா வந்தது. திருப்பி அனுப்பிக் காலம் கடத்தாமல், கையெழுத்திட்டு உடனே அரசியல் சாசன நீதிமன்றத்துக்கு எடுத்துப்போனார். கையெழுத்திட்டாரே என்று கோபப்பட்டவர்கள் உண்டு. சட்டம் நடைமுறைக்கு வருவதற்குள் நீதிபதிகளுக்குப் படிக்க நாள் வேண்டும் என்பதுதான் அவர் போட்ட கணக்கு. கெடு தேதிகளோடு வேலை பார்ப்பவர்களுக்கு இது உடனே புரியும்.

ஆனால் 2023 ஜூனிலேயே அவர் அடுத்த தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று அறிவித்திருந்தார். இன்னொரு ஐந்தாண்டுக்குத் தன்னிடம் போதுமான பலம் இல்லை என்றார். அவரை அமெரிக்காவின் ஏஜெண்ட் என்று மேடைக்கு மேடை சொன்னார்கள். குடும்பத்துக்குக் கொலை மிரட்டல்கள் வந்துகொண்டிருந்தன. 2024 மே 15 அன்று ஹாண்ட்லோவாவில் ஃபிட்சோ சுடப்பட்டார். தன்னை அத்தனை தூற்றிய அந்த மனிதருக்காக மறுநாள் சாப்புத்தோவா, தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த அடுத்த குடியரசுத் தலைவர் பீட்டர் பெல்லெக்ரினியோடு சேர்ந்து நின்று, வெறுப்பை நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். எல்லாக் கட்சித் தலைவர்களையும் ஒரே மேசைக்கு அழைத்தார்கள். சில நாட்களில், அந்தக் கூட்டம் நடக்காது என்று அவர்களே சொல்ல வேண்டியதாயிற்று. ஜூன் 15 அன்று பதவியை ஒப்படைத்தார்.

மூத்த பொறியாளருக்கு அவர் மேல் தீராத வருத்தம். “நின்னிருந்தா ஜெயிச்சிருப்பாங்க. பெஸினோக்கில் அவங்க பாதியில் விட்டிருந்தா இன்னிக்கு அந்தக் குழி நிறைஞ்சிருக்கும்” என்கிறார். கேண்டீனில் சூப் ஆறிக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்துவிடுவார். எனக்கு அவருடைய கோபம் புரிகிறது. அந்த ஊரின் காற்றைச் சுவாசித்து வளர்ந்தவர்.

நான் சொல்வது வேறு. ஒரு வழக்கு முடியும், தீர்ப்பு வரும், கட்டை மூடி அலமாரியில் வைக்கலாம். அந்தப் பதவியில் மகள்களின் பாதுகாப்பையும் சேர்த்துப் பணயம் வைக்க வேண்டியிருந்தது, அதற்கு முடிவு தேதி கிடையாது. முழுப் பலத்தோடு செய்ய முடியாத வேலையை, ஜெயிப்போம் என்பதற்காக மட்டும் இன்னும் ஐந்தாண்டு கையில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்வதும் அந்த வேலைக்குத் தரும் மரியாதைதான். ஒப்புக்கொண்ட ஐந்தாண்டில் ஒரு நாளைக்கூடக் குறைக்காமல் செய்துவிட்டுத்தான் போனார். இதை நான் சொன்னால் மூத்தவர் தலையாட்டுவார், ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டார். இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.