தொடுமுனை விலகினால் என்ன ஆகும்?

பழுதுபார்ப்புப் பிரிவில் சேர்ந்த முதல் ஆண்டில், 5 வோல்ட்டில் இயங்க வேண்டிய ஒரு கட்டுப்பாட்டுப் பலகை கருகிப்போய் என் மேசைக்கு வந்தது. ஐ.சி.க்களை (சில்லுகளை) மாற்றி அனுப்பினேன். இரண்டே வாரத்தில் மறுபடியும் கருகித் திரும்பியது. அப்போதுதான் அதற்கு மின்சாரம் தரும் பவர் சப்ளையைத் திறந்தேன். வோல்ட்டேஜைச் சரிசெய்யும் பிரீசெட்டை, அதாவது திருகி அமைக்கும் சிறிய மாறுமின்தடையை, ஸ்குரூடிரைவரால் லேசாகத் தொட்டதுமே, மீட்டரில் 5 என்று நின்றிருந்த எண் 10க்குத் தாவியது. கையை எடுத்ததும் 5க்கே இறங்கியது.

மாறுமின்தடையின் அமைப்பு எளிது. வளைந்த கார்பன் பட்டை, அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு கால், பட்டையின்மேல் உரசி நகரும் தொடுமுனையோடு இணைந்த நடுக்கால். மூன்று கால்களையும் இணைத்தால் மின்னழுத்தத்தைப் பங்கிடும் பொட்டென்ஷியோமீட்டர். நடுக்காலையும் ஒரு முனையையும் மட்டும் இணைத்தால் ரியோஸ்டாட். ஆனால் அந்தத் தொடுமுனையை யாரும் பற்றவைப்பதில்லை. சுருள்வில் போன்ற அழுத்தம் மட்டுமே அதைப் பட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறது. தூசு படிந்தாலும் கார்பன் தேய்ந்தாலும் இணைப்பு கணநேரம் அறுந்துவிடும். ஒலிபெருக்கியில் வால்யூமைத் திருகும்போது கேட்கும் கரகரப்பு அதன் குரல்தான்.

அந்தப் பவர் சப்ளையில் இருந்தது எல்.எம்.317, வெளியீட்டு வோல்ட்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் ஐ.சி. வெளியீட்டுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் இடையே 240 ஓம். அங்கிருந்து கிரவுண்டுக்கு 5 கிலோஓம் பிரீசெட். இந்தப் பிரீசெட்டின் தடை கூடக் கூட வெளியீட்டு வோல்ட்டேஜும் கூடும். 5 வோல்ட்டுக்குத் தேவையானது 720 ஓம்தான். தொடுமுனை விலகியதும் அந்தத் தடை அறுந்து, உள்ளே வரும் 12 வோல்ட்டில் பெரும்பகுதி அப்படியே வெளியே பாய்ந்திருக்கிறது.

நடுக்காலைப் பயன்படாத முனையோடு இணைத்துவிடு என்று மூத்தவர்கள் சொல்வார்கள். நல்ல பழக்கம், தொடுமுனை விலகினாலும் முழுப் பட்டையின் தடை மிஞ்சும். ஆனால் இங்கே மிஞ்சுவது 5 கிலோஓம். அதுவும் பலகையைக் கொன்றிருக்கும். எனவே 620 ஓம் நிலையான தடையோடு 200 ஓம் பிரீசெட்டைத் தொடராக வைத்து, நடுக்காலையும் முனையோடு இணைத்தேன். இப்போது எப்படித் திருகினாலும் 4.48 முதல் 5.52 வோல்ட் வரைதான் போகும். திருகுவதும் நுட்பமாக வருகிறது.

வாட் அளவிலும் இதே கவனம் வேண்டும். அரை வாட், 1 கிலோஓம் என்று எழுதியிருந்தால் அந்த அரை வாட் முழுப் பட்டைக்கும் உரியது. பத்தில் ஒரு பங்கு பட்டையில் மட்டும் மின்னோட்டம் ஓடினால் அது தாங்குவதும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். முழுப் பட்டையும் அரை வாட்டைத் தொடும் மின்னோட்டம் 22 மில்லியாம்பியர் என்று கணக்கிட்டு, தொடுமுனை எங்கே நின்றாலும் அதைத் தாண்ட விடுவதில்லை.

அந்தப் பவர் சப்ளையை மூடுவதற்குமுன், பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, நடுக்காலின் இணைப்பை வேண்டுமென்றே துண்டித்து அளந்தேன். மீட்டர் 5.5 வோல்ட் காட்டியது. அந்த ஐ.சி.க்கள் 7 வோல்ட் வரை தாங்கக்கூடியவை.